‘பதில் வரவில்லை’ என்றொரு வட்டம்

ஓசூரைத் தாண்டி ஜூஜூவாடியில் வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்த காலத்தில் லாரியை ஓரங்கட்டிவிட்டு கிளீனர் காகிதக் கட்டோடு கவுண்டருக்கு ஓடுவார். முத்திரை விழுந்தால் வண்டி நகரும். விழாவிட்டால் டீக்கடை. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த கையோடு அந்தச் சாவடி போயிற்று. அங்கே நடந்த காத்திருப்பு மட்டும் போகவில்லை. அது துண்டு துண்டாகப் பிரிந்து ஏழெட்டுக் கணினிகளுக்குள் குடியேறிவிட்டது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் தாண்டும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும் என்றார்கள். 2020 அக்டோபர் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 500 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் பிற நிறுவனங்களுக்குப் போடும் ஒவ்வொரு இன்வாய்ஸையும் அரசின் பதிவுத் தளத்தில் ஏற்றி எண் வாங்கவேண்டும் என்றார்கள். அந்த வரம்பு படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1-இல் 5 கோடிக்கு வந்தது. எங்கள் வட்டாரத்தில் நாலைந்து லேத்தும் ஒரு பிரஸ்ஸும் வைத்துக் கொஞ்சம் வளர்ந்த பட்டறைக்காரர்களும் அன்றைக்கு இந்த வளையத்துக்குள் வந்துவிட்டார்கள்.

சூளகிரி, ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டி இருக்கிறது. சாலையின் ஒரு பக்கம் கொத்தமல்லிக் கட்டு ஏற்றும் மினி லாரி, மறுபக்கம் வாகன உதிரிபாகம் ஏற்றும் கண்டெய்னர். நான் கண்டெய்னர் பக்கத்து ஆள். தொழிற்சாலையின் இணையச் சேவைகளை வெளியாட்களின் இணையச் சேவைகளோடு பேசவைப்பது என் பிழைப்பு. ஒரு லோடு எங்கள் கேட்டைத் தாண்ட வேண்டுமானால் எங்கள் இ.ஆர்.பி., இன்வாய்ஸ் பதிவுத் தளம், இ-வே பில் தளம், டிரான்ஸ்போர்ட்காரரின் வண்டி ஒதுக்கும் செயலி, வாடிக்கையாளரின் சரக்கு முன்னறிவிப்புத் தளம் (எல்லோருக்கும் அது ஏ.எஸ்.என்.), அவர்களுடைய இறக்குமேடை ஸ்லாட் சேவை, எங்கள் எடை மேடை, கடைசியாக கேட் என இத்தனையும் ஒத்துப்போக வேண்டும். இவற்றுக்குப் பல முதலாளிகள். ஒருவர் சொன்னால் இன்னொருவர் கேட்கவேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை.

கர்நாடக எல்லை வேறு ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. இங்கிருந்து ஒரகடத்துக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் தமிழ்நாட்டுக்குள் என்பதால் ஒரு லட்சம் ரூபாய் வரை இ-வே பில் வேண்டாம். பொம்மசந்திரா ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. அத்திப்பள்ளியில் எல்லை தாண்டுவதால் ஐம்பதாயிரத்துக்கு மேல் போனாலே பில் வேண்டும். முலாம் பூசவோ ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கோ எல்லை தாண்டி ஜாப் ஒர்க்காக அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பில் கட்டாயம். ஆக ஒரே பாகம், ஒரே டிஸ்பாட்ச் மேடை, ஆனால் எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்பதைப் பொறுத்து உரையாடலின் வரிசை மாறுகிறது.

இந்தச் சேவைகள் ஒவ்வொன்றுக்கும் கனமான ஆவணம் உண்டு. எந்தப் புலத்தில் எத்தனை எழுத்து, தேதி எந்த வடிவில், எந்தப் பிழைக்கு என்ன எண் என்று பக்கம் பக்கமாகச் சொல்லியிருப்பார்கள். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள், பதில் வராவிட்டால் அடுத்து என்ன என்பதைத் தேடினால் கிடைக்காது. அதை நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுவதற்குக் கணிதக்காரர்கள் அறுபது வருடமாக மொழிகள் செய்து வைத்திருக்கிறார்கள் என்பது எங்கள் தொழிலில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அது ஆராய்ச்சிக் கட்டுரைக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். டிஸ்பாட்ச் மேடையில் வைத்துப் பார்த்தால் அப்படித் தெரிவதில்லை.

எனக்குப் பிடித்தது பெட்ரி வலை. கார்ல் ஆடம் பெட்ரி என்ற ஜெர்மானியர் 1962-இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் கொடுத்தது. ஒரு நிலையை வட்டமாகப் போடு, ஒரு நிகழ்வைத் தடித்த கோடாகப் போடு, இரண்டையும் அம்புகளால் இணை. கோட்டுக்குள் நுழையும் அம்புகள் எந்தெந்த வட்டத்திலிருந்து வருகின்றனவோ அந்த எல்லா வட்டத்திலும் ஒரு காய் இருந்தால்தான் அந்த நிகழ்வு நடக்கும். நடந்ததும் அங்கெல்லாம் ஒவ்வொரு காயை எடுத்துவிட்டு, கோட்டிலிருந்து அம்பு போகும் வட்டங்களில் ஒவ்வொன்றை வைக்க வேண்டும். விதி இவ்வளவுதான்.

இதற்கும் சென்னைக்கும் உள்ள உறவு எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பி.எஸ். தியாகராஜன், ஜெர்மனியில் பெட்ரியின் ஆய்வுக் குழுவில் வேலை செய்துவிட்டு சென்னை கணித அறிவியல் நிறுவனத்துக்கு வந்தவர். 1989-இல் சி.எஸ். சேஷாத்ரி தொடங்கிய ஸ்பிக் கணிதப் பள்ளி பின்னாளில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் ஆனது. அங்கே தியாகராஜன், மாதவன் முகுந்த், கே. நாராயண் குமார் போன்றவர்கள் பரவிக்கிடக்கும் கணினிகள் ஒன்றோடொன்று செய்தி மாற்றிக்கொள்வதைக் கணிதமாக்கினார்கள். உலகம் படிக்கும் பாடம் அந்த நிறுவனம் இருக்கும் சிறுசேரி வரை வந்திருக்கிறது. அங்கிருந்து சூளகிரிக்கு வருவதுதான் பெரிய தூரம்.

பெட்ரி வலையை நான் கணினித் திரையில் தொடங்குவதில்லை. டிஸ்பாட்ச் அறையின் பெரிய மேசையில் சார்ட் தாளை விரித்து, மார்க்கரில் வட்டங்களையும் கோடுகளையும் போட்டு, காய்க்குப் பதில் புளியங்கொட்டை வைப்பேன். திரையில் படம் காட்டினால் “நல்லா இருக்கு சார்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கொட்டையைக் கையில் கொடுத்தால் தாயம் ஆடிய கை சும்மா இருக்காது. டிஸ்பாட்சில் பல வருடம் தேய்ந்த ஒரு அண்ணன் நான் போட்டிருந்த படத்தில் கொட்டையை நகர்த்திக்கொண்டே வந்தவர், பதிவுத் தளத்துக்கான கோட்டருகே விரலை நிறுத்திவிட்டார்.

“அனுப்பிட்டோம் சார். சர்வர் சுத்திக்கிட்டே இருக்கு. இப்ப கொட்டையை எங்க வைக்கிறது?”

படத்தில் ‘அனுப்பவில்லை’ என்று ஒரு வட்டம் இருந்தது, ‘எண் வந்துவிட்டது’ என்று ஒன்று, ‘மறுத்துவிட்டார்கள்’ என்று ஒன்று. விற்பனையாளர்கள் தரும் படங்களிலும் இந்த மூன்றுதான் இருக்கும். அன்றாடம் அந்த மேசையில் உட்காருபவர்களுக்கு மட்டும் நாலாவது ஒன்று தெரியும். அதில்தான் அவர்கள் நாளின் பாதி கழிகிறது. ‘அனுப்பியாயிற்று, பதில் வரவில்லை’ என்று அன்று போட்ட வட்டம் அதன்பிறகு எங்கள் எல்லாப் படங்களிலும் இருக்கிறது.

அந்த வட்டத்துக்குள் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம். இன்வாய்ஸ் விவரத்தை அனுப்பினோம், இணைப்பு அறுந்தது. தளத்துக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா? இரண்டும் சாத்தியம். இங்கிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம். மறுபடி அனுப்பினால் இரட்டைப் பதிவாகிவிடுமோ என்ற பயத்தில் சிலர் கைவைக்காமல் விட்டுவிடுவார்கள். வண்டி நிற்கும். சிலர் இன்வாய்ஸ் எண்ணை மாற்றி அனுப்பிவிடுவார்கள். அப்போது ஒரே சரக்குக்கு இரண்டு உயிருள்ள இன்வாய்ஸ். தளத்தை வடிவமைத்தவர்கள் இதை யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். ஐ.ஆர்.என். எனும் 64 எழுத்து எண் அவர்கள் இஷ்டத்துக்குத் தரும் வரிசை எண் அல்ல. விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகியவற்றை எஸ்.எச்.ஏ.-256 முறையில் பிசைந்து எடுத்தது. அதே இன்வாய்ஸை எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்தான் பிறக்க முடியும். முதல்முறை போய்ச் சேர்ந்திருந்தால் இரண்டாம் முறை 2150 என்ற எண்ணோடு ‘இரட்டை ஐ.ஆர்.என்.’ என்று திருப்பி அனுப்பும். திரையில் அது சிவப்பில் வருவதால் எல்லோரும் பதறுகிறார்கள். படத்தில் வைத்துப் பார்த்தால் 2150 நல்ல செய்தி. முதலில் அனுப்பியது பத்திரமாகச் சேர்ந்தது என்பதற்கு அதுதான் ரசீது. ஆவண எண்ணைச் சொல்லிப் பழைய எண்ணைக் கேட்டு வாங்கவும் தளத்தில் வழி இருக்கிறது. ஆகவே ‘பதில் வரவில்லை’ வட்டத்திலிருந்து வெளியே மூன்று கோடுகள் போகலாம்: அதே எண்ணோடு மறுபடி அனுப்பு, 2150 வந்தால் எண்ணைக் கேட்டு வாங்கு, மறுப்பு வந்தால் திருத்து. ‘புது இன்வாய்ஸ் எண் போடு’ என்ற கோடு அந்த வட்டத்திலிருந்து கிடையாது. கோடு இல்லையென்றால் நிரலிலும் அந்தப் பொத்தான் இல்லை.

இன்னொரு வட்டம் இதைவிட நுட்பமானது. ஒரே அழைப்பில் ஐ.ஆர்.என்.-ஐயும் இ-வே பில்லையும் சேர்த்துக் கேட்கலாம். வசதிதான். ஆனால் பின்கோடுகளுக்கு இடையே நாம் எழுதிய தூரம் ஒத்துவராவிட்டால் ஐ.ஆர்.என். பிறந்துவிடும், பில் பிறக்காது. பாதி வெற்றி. சாதாரண பாய்வுப் படத்தில் இதை ‘தோல்வி’ என்று எழுதித் தொடக்கத்துக்கு அம்பு போட்டுவிடுவார்கள். தொடக்கத்திலிருந்து மறுபடி கேட்டால் 2150. மறுபடி தோல்வி, மறுபடி தொடக்கம். செக்கு மாடு மாதிரி இரவு முழுக்கச் சுற்றும் நிரலை நான் பார்த்திருக்கிறேன். பெட்ரி வலையில் அது ‘ஐ.ஆர்.என். உண்டு, பில் இல்லை’ என்று தனி வட்டம். அதிலிருந்து போகும் முன்வழி ஒன்றே: அந்த ஐ.ஆர்.என்.-ஐச் சொல்லிப் பில்லை மட்டும் கேட்பது.

இந்த வட்டங்களுக்கு ஒரு கணிதப் பண்பு உண்டு. ஓர் இன்வாய்ஸுக்கான வட்டங்கள் அனைத்திலும் உள்ள கொட்டைகளைக் கூட்டினால் எந்த நேரத்திலும் ஒன்றுதான் வரவேண்டும். மாறிலி என்பார்கள். தாளில் நிரூபித்ததை நான் அப்படியே தரவுத்தளத்தில் சோதனையாக வைத்துவிட்டேன். கூட்டினால் பூஜ்யமோ இரண்டோ வந்தால் அலாரம் அடிக்கும். விலையுயர்ந்த கண்காணிப்பு மென்பொருள்கள் சொல்லாததை இந்தக் கூட்டல் சொல்லும்.

வாடிக்கையாளர் ஒருவர் ஸ்லாட் முறையை மாற்றியபோது நடந்தது வேறு கதை. வண்டி எண் கொடுத்தால்தான் ஸ்லாட் என்றது அவர்கள் தளம். ஸ்லாட் உறுதியானால்தான் வண்டி ஒதுக்குவேன் என்றது டிரான்ஸ்போர்ட்காரரின் செயலி. இரண்டு பேர் நிபந்தனையும் தனித்தனியே பார்த்தால் நியாயமானது. சேர்த்துப் பார்த்தால் ‘ஸ்லாட்’ வட்டத்துக்குக் கொட்டை வரவேண்டுமானால் ‘வண்டி’ வட்டத்தில் கொட்டை இருக்கவேண்டும், ‘வண்டி’க்கு வர ‘ஸ்லாட்’டில் இருக்கவேண்டும். பெட்ரி வலைக்காரர்கள் இத்தகைய வட்டக் கூட்டத்தை சைஃபன் என்கிறார்கள். ஒருமுறை காலியானால் பிறகு எப்போதும் காலிதான். இதற்கு நிரலை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம், படத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது எனக்கு இன்னும் வியப்பு. சின்னப் படத்துக்குக் கண் போதும், பெரிய படத்துக்கு லோலா போன்ற சரிபார்ப்புக் கருவிகள் இருக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிக்கலை எங்கள் ஆட்கள் போனிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். டிஸ்பாட்ச் அண்ணன் டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்குப் போன் போட்டார். “ஸ்லாட் வரலைங்கண்ணா, கேட்டுச் சொல்றேன்” என்றார் அங்கிருந்தவர். அவர் வாடிக்கையாளரின் ஸ்டோர்ஸுக்குப் போட்டார். ஸ்டோர்ஸ்காரர் வண்டி எண்ணுக்காக எங்கள் டிஸ்பாட்சுக்கே போட்டார். தான் கேட்ட கேள்வி சுற்றிவந்து தன் காதிலேயே விழுந்ததும் “இது முடியாது சார்” என்று அண்ணன் எழுந்துவிட்டார். 1983-இல் மணி சாண்டி, ஜெயதேவ் மிஸ்ரா, லாரா ஹாஸ் மூவரும் வெளியிட்ட முட்டுக்கட்டை கண்டறியும் முறை ஏறக்குறைய இதுவேதான். காத்திருப்பவன் ஒரு விசாரணைச் செய்தியை அனுப்புகிறான், அது காத்திருப்பின் வழியே கைமாறிப் போகிறது, அனுப்பியவனிடமே திரும்பிவந்தால் முட்டுக்கட்டை உறுதி. மணி சாண்டி 1965-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர் என்பதை அண்ணனிடம் சொன்னேன். “அவரும் டிஸ்பாட்ச்ல இருந்தாரா?” என்றார்.

தீர்வு எளிது. சைஃபனுக்குள் வெளியிலிருந்து ஒரு கொட்டை போடவேண்டும். வண்டி எண் இல்லாமலேயே தற்காலிக ஸ்லாட் ஒன்று கேட்டோம், அரைநாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு தந்தார்கள். அந்தப் பேச்சில் சார்ட் தாள் உதவியதுபோல் எந்த மின்னஞ்சலும் உதவவில்லை. யார் மேல் குற்றம் என்ற பேச்சே எழவில்லை. இரண்டு வட்டமும் காலி, அதை எல்லோரும் பார்க்கிறார்கள்.

இணையச் சேவைகளுக்கென்றே மொழி செய்யும் முயற்சி 2000-களின் தொடக்கத்தில் சூடாக நடந்தது. ஐ.பி.எம். தன் மொழியில் பெட்ரி வலையை ஒட்டிய வரைபட வழியில் போனது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்லாங் என்ற மொழியில் ராபின் மில்னரின் பை கால்குலஸ் சாயலில் போனது. 2002-இல் இரண்டையும் சேர்த்து பி.பெல் என்று ஒன்று வந்தது. 2007-இல் ஒயாசிஸ் அமைப்பு அதைத் தரப்படுத்தியது. சேர்த்தார்கள் என்றால், இரண்டு வழிகளையும் உள்ளே அப்படியே விட்டுவிட்டார்கள். அதை நம்பி எழுதியவர்களுக்கு எக்ஸ்.எம்.எல். கோணக்குறிகள் கனவில் வந்தன. பெட்ரி பெரிதா, பை பெரிதா என்று நெதர்லாந்தின் வில் வான் டெர் ஆல்ஸ்ட் போன்றவர்கள் எழுதிச் சண்டையும் போட்டார்கள். அன்றாட வேலைக்காரனாக எனக்கு இரண்டும் வேண்டும். நிலைகளைப் பார்க்கப் பெட்ரி. ‘பதிலை இந்த முகவரிக்கு அனுப்பு’ என்று செய்திக்குள்ளேயே முகவரியை வைத்து அனுப்பும் இடங்களுக்கு பை. ஒரு வாய்க்கால் வழியே இன்னொரு வாய்க்காலையே அனுப்பும் கணிதம் அது. பெட்ரி தாளில் புது வட்டம் தானாக முளைக்காது.

2011-இல் வந்த பி.பி.எம்.என். 2.0 குறியீடு இன்று எல்லா நிறுவனச் சுவரிலும் தொங்குகிறது. பார்க்க அழகு. எனக்கு அதன் மேல் ஒரு குறை உண்டு. அதில் வேலை பெட்டியாக இருக்கிறது, காத்திருப்பு பெரும்பாலும் பெட்டிகளுக்கு நடுவே ஓடும் அம்பாகிவிடுகிறது. அம்பின் மேல் யாரும் கை வைத்துப் பார்ப்பதில்லை. எங்கள் தொழிலில் கோளாறு நடப்பதெல்லாம் அந்த அம்பில்தான்.

பி.பெல்லிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஈடுசெய்தல். அதன் மூலம் 1987-இல் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் எழுதிய ‘சாகா’ கட்டுரை. நீண்ட வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாக உடை. ஒவ்வொன்றுக்கும் அதைச் சரிக்கட்டும் எதிர்வேலையைச் சொல்லிவை. நடுவில் அறுந்தால் எதிர்வேலைகளைப் பின்னிருந்து முன்னாகச் செய். ஜி.எஸ்.டி. சட்டம் எழுதியவர்கள் அந்தக் கட்டுரையைப் படித்தார்களோ இல்லையோ, தளம் அப்படியே நடந்துகொள்கிறது. உயிருள்ள இ-வே பில் இருக்கும்போது ஐ.ஆர்.என்.-ஐ ரத்து செய்ய விடாது. முதலில் பில், பிறகு ஐ.ஆர்.என். கடைசியில் பிறந்தது முதலில் போகவேண்டும்.

ஆனால் ஈடுசெய்தல் என்பது நடந்ததை நடக்காததாக்குவது அல்ல என்பதை அத்திப்பள்ளிச் சாலையில் நிற்கும் வண்டி காட்டிவிடும். ரத்தான ஐ.ஆர்.என்.-இன் ஆவண எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது, அது செத்த எண். பில், ஐ.ஆர்.என். இரண்டையும் அவை பிறந்து 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம், அதற்குப் பிறகு கிரெடிட் நோட் போட்டுத்தான் கணக்கை நேர்செய்ய வேண்டும். வழியில் அதிகாரி பில்லைச் சரிபார்த்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள்ளும் பில்லை ரத்து செய்ய முடியாது. அதாவது எதிர்வேலைக்கு ஆயுள் உண்டு. ஆயுள் முடிந்தால் அதன் வடிவமே மாறும். வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவதும் எதிர்வேலைதான், அதற்கு டீசல் செலவு, டிரைவருக்கு ஒரு வேளை சாப்பாடு. எந்த மென்பொருளிலும் ‘அன்டூ’ என்று எழுதியிருந்தால் நான் நம்புவதில்லை.

நடுவில் நின்று எல்லோரையும் நடத்துபவர் இருந்தால் இதெல்லாம் கொஞ்சம் எளிது. பி.பெல் அப்படி ஒரு நட்டுவனாரைக் கற்பனை செய்தது. எங்களுக்கு நட்டுவனார் இல்லை. அரசுத் தளம் எங்கள் தாளத்துக்கு ஆடாது, வாடிக்கையாளர் தளமும் ஆடாது. அதனால் ஒவ்வொருவரும் தன் பங்கை ஆட, மொத்தம் ஒத்துவரும்படி உடன்பாட்டை எழுதவேண்டும். டபிள்யூ3சி அமைப்பு இதற்கென்று டபிள்யூ.எஸ்.-சி.டி.எல். என்ற மொழியை 2005-இல் பரிந்துரை வேட்பாளர் நிலை வரை கொண்டுவந்தது. மில்னர், கோஹேய் ஹோண்டா, நோபுகோ யோஷிடா எல்லாம் ஆலோசனை சொன்னார்கள். அது கடைசிவரை முழுப் பரிந்துரை ஆகவில்லை. அந்த வேலையின் தூண்டுதலில் பலதரப்பு அமர்வு வகைகள் என்ற கோட்பாடு 2008-இல் வந்தது. மொத்த உரையாடலையும் ஒரே இடத்தில் எழுது, அதிலிருந்து ஒவ்வொருவர் பங்கையும் பிரித்தெடு, ஒவ்வொருவரும் தன் பங்கை மீறாவிட்டால் மொத்தமும் சிக்காது. தோற்ற தரத்திலிருந்து இவ்வளவு நல்ல கோட்பாடு பிறந்ததை நினைத்தால் திருப்தியாக இருக்கிறது.

அந்தக் கோட்பாடு அனுமதிக்காத ஒரு விஷயம்தான் எங்களுக்குப் பெரும் பயனாக இருந்தது. ஏ.எஸ்.என். அனுப்பிய பிறகு நாங்கள் ரத்து செய்யலாம், அல்லது அவர்கள் ஏற்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ‘அல்லது’ என்று எழுதிவிட்டார்கள், யார் முடிவு செய்வது என்று எழுதவில்லை. எங்கள் ‘ரத்து’ அங்கே போய்க்கொண்டிருக்கும்போது அவர்கள் ‘ஏற்பு’ இங்கே வந்துகொண்டிருக்கும். இரண்டும் நடுவழியில் ஒன்றையொன்று கடந்துபோகும். நாங்கள் ரத்தானதாக நினைத்துச் சரக்கை இறக்குவோம், அவர்கள் வருவதாக நினைத்து லைனைத் திட்டமிடுவார்கள். இருவரும் தத்தம் விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறோம். படத்தில் வரையாத ஒரு காட்சி நேரில் நடந்துவிட்டது. செய்தி வரைபடங்களைக் கணிதமாக்கியவர்கள் இப்படி மறைந்திருக்கும் காட்சிகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். விதி என்னவென்றால் ஒரு கிளை பிரியும் இடத்தில் முடிவு ஒருவர் கையில்தான் இருக்கவேண்டும். ‘ரத்து’ என்ற செய்தியை ‘ரத்துக் கோரிக்கை’ ஆக்கினோம். முடிவு வாடிக்கையாளருடையது. அவர்கள் பதில் வரும்வரை எங்கள் கொட்டை ‘ரத்து கேட்டாயிற்று, பதில் வரவில்லை’ என்ற வட்டத்தில் இருக்கும், சரக்கு இறங்காது. மறுபடி அதே மாதிரி ஒரு வட்டம்.

சாதாரணப் பெட்ரி வலைக்குக் கடிகாரம் தெரியாது. முன்னே பின்னே மட்டும் தெரியும். 24 மணி நேரம், நள்ளிரவு என்று வந்தால் நேர ஆட்டோமேட்டாவுக்குப் போகவேண்டும். ராஜீவ் அலூரும் டேவிட் டில்லும் 1990-களில் நிறுவிய கோட்பாடு. உப்பால் என்ற கருவியில் அதை எழுதிச் சரிபார்க்கலாம். இ-வே பில்லின் ஆயுள் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். அந்த ஒரு நாள் பில் பிறந்த தேதிக்கு அடுத்த நாள் நள்ளிரவில் முடிகிறது. இரவு 11.58-க்குப் போட்ட பில்லுக்கு ஒரு நாளும் இரண்டு நிமிடமும் ஆயுள். 12.05-க்குப் போட்டதற்கு ஏறக்குறைய இரண்டு நாள். எங்கள் இரவு ஷிப்ட் ஆட்களுக்கு இது எந்தக் கோட்பாடும் இல்லாமல் தெரியும். இன்வாய்ஸை முடித்து ஐ.ஆர்.என். வாங்கி வைத்துவிட்டு, பில் பொத்தானை மட்டும் நள்ளிரவு தாண்டும்வரை தொடாமல் டீ குடிப்பார்கள். மழையோ மறியலோ வந்தால் ஒரு நாள் கையில் இருக்கும் என்ற கணக்கு. சரியான கணக்குதான்.

உப்பாலில் இந்தப் பழக்கத்தையும் எழுதிவிட்டு, சிக்கும் நிலை ஏதேனும் உண்டா என்று கேட்டபோது அது ஒரு வழியைக் காட்டியது. ஐ.ஆர்.என். பிறந்தது இரவு 11.50. பில் பிறந்தது 12.05. மறுநாள் இரவு 11.55-க்கு வாடிக்கையாளர் லோடு வேண்டாம் என்கிறார். பில்லுக்கு இன்னும் பத்து நிமிடம் பாக்கி, ரத்தாகிவிடும். ஐ.ஆர்.என்.-இன் 24 மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. சாகா சொன்னபடி பின்னிருந்து முன்னாகப் போகிறோம். பில்லை ரத்து செய்தாயிற்று, அடுத்த படியில் கதவு அடைத்திருக்கிறது. இப்போது வழியில் நிற்கும் வண்டிக்குப் பில் இல்லை, அதன் இன்வாய்ஸுக்கு மட்டும் உயிர் இருக்கிறது. இனி கிரெடிட் நோட்தான், வண்டி திரும்புவதற்குப் புதிதாக ஒரு பில் வேண்டும். பில்லைத் தொடாமல் இருந்திருந்தால் வண்டி குறைந்தபட்சம் காகிதத்தோடு நின்றிருக்கும்.

டீ குடிக்கும் பழக்கத்தைத் தடுக்கவில்லை. ரத்துப் பொத்தானை அழுத்தினால் நிரல் இப்போது முதலில் ஐ.ஆர்.என்.-இன் கடிகாரத்தைப் பார்க்கிறது. எங்கள் அனுபவத்தில் இரண்டு தளமும் சேர்ந்து பதில் சொல்லப் பிடிக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் மேலாக ஒரு வரம்பு வைத்திருக்கிறோம். பாக்கி நேரம் அதற்குக் கீழே போனால் பில்லைத் தொடவிடாமல் நேராகக் கிரெடிட் நோட் வழிக்குத் திருப்பிவிடும். டிஸ்பாட்ச் திரையில் ஒவ்வொரு லோடுக்கும் எதிரே அந்தப் பாக்கி நிமிடங்கள் ஓடுகின்றன. இரவு ஷிப்ட்காரர்கள் கேட்டு வாங்கிய மாற்றம் ஒன்றுதான்: எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும், கேட்டிலிருந்தே தெரியவேண்டும் என்றார்கள்.